கிழங்கு தோண்டிய இடங்களை எழுதி வைக்க வேண்டும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை அணைக்கு மேலே, கோதையாறு வரை நீளும் மலைகளில் வாழும் காணிக்காரப் பழங்குடியினரின் உணவைப் பற்றிப் பேச்செடுத்தால், கூட்டங்களில் முதலில் எழும் கேள்வி, "ரேஷன் அரிசி ஒழுங்காகக் கிடைக்கிறதா?" என்பதுதான். கேட்கப்பட வேண்டிய கேள்விதான். மழைக்காலத்தில் நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து அரிசி வாங்கிவர வேண்டிய குடும்பங்களுக்கு அது சிறிய விஷயமும் அன்று. ஆனால் விசாரணை அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக உண்டுவந்த கிழங்கையும் கீரையையும் தேனையும் ஆற்று மீனையும் அவர்களே போய் எடுத்துவர முடிகிறதா, போகும் வழியில் யாரும் மறிக்காமல் இருக்கிறார்களா, வீட்டைச் சுற்றி நட்டதை அறுவடை வரை காப்பாற்ற முடிகிறதா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

நான் குலசேகரம் பகுதியில் ஆசிரியையாகப் பணியாற்றியவள். என் வகுப்புகளில் காணிக்கார வீட்டுப் பிள்ளைகள் எப்போதும் இருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு, காட்டில் வாழ்பவர்களின் உரிமைகளை ஏற்கும் வன உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கும் சில குடியிருப்புகளுக்குப் படிவம் எழுதித் தரும் துணையாகப் போய்வருகிறேன். இந்த வேலையில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. எந்தச் சரிவில் எந்தக் கிழங்கைத் தோண்டினோம் என்று மூத்தவர்கள் சொல்லும் நினைவு வீட்டுப் பேச்சாகவே கழிந்துபோகக் கூடாது. அது சட்டம் ஏற்றுக்கொள்ளும் சான்று; சொல்லத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே அது எழுத்தில் ஏற வேண்டும்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 18.7 லட்சம், அதில் பழங்குடியினர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் உள்ளவர்களின் உணவு மாவட்டத் திட்டங்களில் தனியாக ஒரு வரி பெறுவதுகூடக் கடினம். மலைக்கு மறுபுறம் திருவனந்தபுரம் மாவட்டத்திலும் அவர்களுடைய உறவினர்களே வாழ்கிறார்கள். திருவிதாங்கூர்க் காலத்தில் ஒரே மக்களாக, தேனும் மலைப்பொருள்களும் எடுத்துச்சென்று அரசரைக் கண்டவர்கள், 1956 நவம்பர் 1 முதல் இரண்டு மாநிலங்களின் குடிமக்களாகப் பிரிந்தார்கள். காட்டில் ஒரு துண்டை வெட்டி எரித்து, மலைநெல்லும் பிறவும் விதைத்து, மண் ஓய்ந்ததும் வேறிடம் பெயர்ந்த பழைய வேளாண்மை, காடுகள் அரசின் காப்புக்காடுகளாக அறிவிக்கப்பட்டதோடு முடங்கிவிட்டது. எஞ்சியவை விளை என்று சொல்லும் வீட்டைச் சுற்றிய தோட்ட நிலமும், சுற்றியுள்ள காட்டில் கிடைப்பவையும்தான்.

அந்தக் காட்டில் கிடைப்பவற்றில் முதன்மையானது கிழங்கு. கவலை, நூறான், காச்சில் என்று அவர்கள் சொல்லும் வள்ளிக்கிழங்கு வகைகளை அடையாளம் காண்பதற்கே ஒரு கல்வி வேண்டும். நூறான் கொடியில் ஓர் இலைக்காம்பிலிருந்து ஐந்து சிற்றிலைகள் வரை விரியும். காச்சில் கொடி மரத்தை ஒரு திசையில் சுற்றி ஏறும், நூறான் அதற்கு எதிர்த்திசையில் சுற்றும். இலை உதிர்ந்து வெறும் கொடி மட்டும் நிற்கும் காலத்தில், அது சுற்றியிருக்கும் திசையைப் பார்த்தே கீழே என்ன கிழங்கு இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். தாவரவியல் படித்தவர்களும் இந்த இனங்களைப் பிரித்தறிய இதே அடையாளத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு தை மாதத்தில், ஒரு குடியிருப்பிலுள்ள மூத்த பாட்டி ஒருவருடன் கிழங்கு தோண்டப் போயிருந்தேன். காய்ந்த கொடி மண்ணைத் தொடும் இடத்தைக் கையால் சருகு விலக்கிக் கண்டுபிடித்து, கொடிக்குச் சற்று விலகி, பக்கவாட்டிலிருந்து கம்பிப்பாரையால் மண்ணை நெகிழ்த்தத் தொடங்கினார். கிழங்கு செங்குத்தாகக் கீழே இறங்கியிருந்தது. குழி அவருடைய தோள் மறையும் ஆழத்துக்குப் போயிற்று. பாறை இடுக்கில் வளைந்து இறங்கிய கிழங்கை முறியாமல் எடுக்க, ஒரு கட்டத்தில் பாரையை வைத்துவிட்டு விரல்களாலேயே மண்ணைச் சுரண்டினார். எடுத்து முடித்ததும், கொடி ஒட்டியிருந்த தலைப்பகுதியை ஒரு சாண் அளவுக்கு அரிந்து, திரும்பக் குழிக்குள் நிறுத்தி, இலைமக்கும் மண்ணும் தள்ளி மூடினார். எதற்கு இவ்வளவு பெரிய துண்டை விட்டுவிடுகிறீர்கள் என்று கேட்டேன். "தலைய குழியிலே வைக்காம வந்தா, அடுத்த கொல்லம் வாறவ எதெத் தோண்டுவா, டீச்சரே?" என்றார். அடுத்த ஆண்டு அவரே வருவார் என்பதற்கு உறுதியில்லை என்பதையும், யாராவது ஒருத்தி வந்தே தீருவாள் என்பதையும் அவர் சேர்த்தேதான் சொன்னார். காட்டை அழிப்பவர்கள் என்ற பழி இந்த மக்கள் மீது எத்தனை எளிதாகச் சுமத்தப்படுகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழி நினைவுக்கு வருகிறது.

எல்லாக் கிழங்கும் அவித்த உடனே தின்னக்கூடியவை அல்ல. சில வகைகள் கசக்கும்; சிலவற்றில் நஞ்சும் உண்டு. அவற்றைச் சீவி, கூடையில் கட்டி, ஓடும் நீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி அவித்து, கசப்பு முற்றிலும் போன பிறகே உண்கிறார்கள். எந்த வகைக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்ற அறிவு பெண்களிடம்தான் பெரும்பாலும் தங்கியிருக்கிறது. ஒரு தலைமுறை கிழங்கு தோண்டாமல் விட்டுவிட்டால் இந்த அறிவும் அத்தோடு போய்விடும். பிறகு காட்டில் கிழங்கு இருந்தும் உணவு இருக்காது. அவித்த கிழங்குடன் காந்தாரி மிளகு என்ற சிறு மிளகாயையும் உப்பையும் நசுக்கி வைத்துக்கொண்டால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது. கையில் காசு இருந்தால் கடற்கரையிலிருந்து மலையேறி வரும் கருவாடும் சேரும்.

மரபு உணவு என்றதும் மாறாத ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறோம். அது சரியல்ல. இன்று காணிக்காரர் வீடுகளிலும் மாவட்டம் முழுவதிலும் அன்றாட உணவாக இருக்கும் மரச்சீனி என்ற மரவள்ளிக் கிழங்கு, தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரப்ப முனைந்து ஊக்கம் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வரத்து நின்றபோது இந்த நிலப்பகுதி பெரும்பட்டினியைத் தாக்குப்பிடிக்க மரச்சீனி பெரிதும் உதவியது. காணிக்காரர்களும் அதை ஏற்று, தங்கள் விளைகளில் நட்டு, தங்கள் சமையலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். வெளியிலிருந்து வந்ததா, உள்ளேயே இருந்ததா என்பது அவ்வளவு முக்கியமில்லை. எதை நடுவது, எதை எடுப்பது, எதை விடுவது என்ற முடிவு யார் கையில் இருக்கிறது என்பதே முக்கியம்.

அந்த முடிவு அவர்கள் கையிலிருந்து நழுவிய விதத்தை ரப்பரில் தெளிவாகக் காணலாம். இந்த மலையடிவாரம் முழுவதும் ரப்பர். அரசு ரப்பர் கழகம் 1984இல் தொடங்கப்பட்டது. காணிக்காரர்களில் பலர் பால்வெட்டுத் தொழிலாளர்கள். தங்கள் சொந்த விளையிலும் பலர் ரப்பரே வைத்திருக்கிறார்கள். ஏன் கிழங்கை விட்டு ரப்பர் வைத்தீர்கள் என்று கேட்டால், விலையைச் சொல்வதற்கு முன்பு பன்றியைச் சொல்கிறார்கள். மரச்சீனியும் காச்சிலும் சேனையும் நட்டால் ஓர் இரவில் காட்டுப்பன்றி கிளறிப் போட்டுவிடும். ரப்பரை அது தொடாது. ரப்பர் நட்ட முதல் மூன்று ஆண்டுகள் ஊடே மரச்சீனியும் வாழையும் வைக்கலாம். நிழல் அடர்ந்த பிறகு அடியில் எதுவும் வளராது. 2011இல் கிலோவுக்கு 200 ரூபாயைத் தாண்டியிருந்த ரப்பர் விலை அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தபோது, விளையில் ரப்பர் மட்டுமே வைத்திருந்த குடும்பங்களுக்கு விற்கவும் ஒன்றும் இல்லை, தின்னவும் ஒன்றும் இல்லை என்ற நிலை வந்தது. காட்டுப்பன்றியைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு அரசு 2025 தொடக்கத்தில் கொண்டுவந்த நடைமுறையும் இவர்களுக்கு உதவாது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் வனத்துறையினர் சுடலாம், இவர்கள் குடியிருப்பதோ காட்டுக்கு உள்ளே.

அரிசிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. இதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனி, ஆடி மழையில் வேலையும் இல்லாமல் காட்டுக்கும் போக முடியாமல் வீடுகள் பட்டினி கிடந்த காலத்தை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பட்டினியை நீக்கியது இந்த அரிசிதான். ஆனால் மூன்று வேளையும் தீட்டிய அரிசி என்றாகி, கிழங்கும் கீரையும் மீனும் தட்டிலிருந்து விலகினால் உடம்புக்கு என்ன நேரும் என்பது ஊட்டச்சத்து தெரிந்த எவருக்கும் தெரியும். பள்ளியில் மதியம் சோறு. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல். பிள்ளைகள் பசியில்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் கண்ட ஆசிரியை என்ற முறையில் அந்தத் திட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். இருந்தாலும், பள்ளிக்கூடமும் விடுதியும் தரும் தட்டில் தன் வீட்டு உணவு ஒருநாளும் வராதபோது, அது தாழ்ந்த உணவு என்ற எண்ணம் பிள்ளையின் மனத்தில் தானாக விழுகிறது. அவித்த கிழங்கை டிபனில் கொண்டுவந்த மாணவி அதை மூடியால் மறைத்துக்கொண்டு தின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு வழியில்லாமல் இல்லை. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் முயற்சியை அரசே தொடங்கியது. அந்த மண்ணின் உணவு கடைக்கு வரலாம் என்றால், இந்த மண்ணின் உணவும் வரலாம். கிழங்கு தானியம்போல் மாதக்கணக்கில் கிடங்கில் இருக்காது என்பது உண்மை; எனவே ரேஷன் கடையைவிட, பக்கத்திலுள்ள அங்கன்வாடியும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியும் காணிக்காரப் பெண்களிடமிருந்து நேரடியாக வாரம் ஒரு முறை கிழங்கு வாங்குவதே பொருத்தமாக இருக்கும். பேச்சிப்பாறையிலேயே தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் கிழங்குப் பயிர்களுக்கென்றே 1963 முதல் ஒரு மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. விதைக்கிழங்குக்கோ ஆலோசனைக்கோ தொலைவு போக வேண்டியதில்லை.

உணவு இறையாண்மை என்று உலக அளவில் பேசப்படுவதும் இதே விஷயம்தான். 1996இல் ரோமில் உலக உணவு மாநாடு நடந்தபோது, லா வியா கம்பெசினா என்ற உழவர் அமைப்பு இந்தக் கருத்தை முன்வைத்தது; 2007இல் மாலி நாட்டின் செலிங்கே கிராமத்தில் கூடிய நியெலெனி மாநாடு அதை விரித்து, தம் பண்பாட்டுக்கு ஏற்ற நல்ல உணவுக்கும், தம் உணவு முறையைத் தாமே வகுத்துக்கொள்வதற்கும் மக்களுக்கு உரிமை உண்டு என்று அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற தொல்குடி மக்கள் உரிமைப் பிரகடனம், தங்கள் வாழ்வாதார வழிகளைத் தடையின்றித் துய்க்கும் உரிமையை 20ஆம் பிரிவில் உறுதி செய்கிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்த நாடு. வட அமெரிக்காவில் இந்தப் பேச்சுக்குப் பின்னால் கசப்பான வரலாறு உண்டு. 1864இல் நவஹோ பழங்குடி மக்களை அவர்களுடைய நிலத்திலிருந்து பெயர்த்து, நெடுந்தூரம் நடத்திக் கொண்டுபோய் அடைத்து வைத்த அரசு, கோதுமை மாவும் சர்க்கரையும் கொழுப்பும் பங்கீடாகக் கொடுத்தது. அதிலிருந்து பிறந்த பொரித்த ரொட்டியை உயிர் காத்த உணவாகவும் நோய் தந்த உணவாகவும் இன்றைக்கு அவர்கள் ஒருசேர நினைக்கிறார்கள். மின்னசோட்டாவின் வைட் எர்த் ஒஜிப்வே மக்கள், தங்கள் ஏரிகளில் தானாக விளையும் காட்டரிசிக்கே சட்ட உரிமைகள் உண்டு என்று 2018இல் தங்கள் பழங்குடிச் சட்டமாக நிறைவேற்றினார்கள். நம் மலைகளில் நடந்தது அத்தகைய வன்முறை அன்று. ஆனால் எடுக்கும் வழியை அடைத்துவிட்டுக் கொடுக்கும் கையை மட்டும் நீட்டுவது என்ற ஒழுங்கு இங்கும் இருக்கிறது.

இந்த முரண்பாட்டின் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு காணிக்காரர்களின் வரலாற்றிலேயே உள்ளது. 1987இல் அகத்தியமலைப் பகுதியில் ஆய்வுக்குப் போன அறிவியலாளர் குழு, மலையேறும்போது வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் சிறிய பழம் ஒன்றைத் தின்று களைப்பில்லாமல் நடப்பதைக் கண்டது. அந்தப் பழத்தின் செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதன் இலையிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் உற்பத்தி உரிமையை 10 லட்சம் ரூபாய்க்கும் 2 விழுக்காட்டு உரிமத்தொகைக்கும் வழங்கியது. அதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஒதுக்கி, 1997இல் அவர்களுக்கென அறக்கட்டளையும் பதிவு செய்யப்பட்டது. அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரியாக உலகம் முழுவதும் இது பேசப்பட்டது. ஆனால் அந்த இலையைக் காட்டிலிருந்து பறித்துக் கொடுக்க அதே மக்கள் முயன்றபோது வனத்துறையின் தடை குறுக்கே நின்றது. அறிவுக்கு விலை கிடைத்தது. செடியைத் தொட அனுமதி கிடைக்கவில்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்த இடைவெளியை அடைக்கவே வந்தது. சிறு வனப் பொருள் என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் தேன், மெழுகு, மூங்கில், மூலிகை ஆகியவற்றோடு வேர்களையும் கிழங்குகளையும் அச்சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அவற்றைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் உரிமை தருகிறது. நீர்நிலைகளின் மீன் மீதான உரிமையையும் ஏற்கிறது. சரணாலயங்களும் அச்சட்டத்தின் எல்லைக்குள் அடங்கும் என்பதால், 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்கும் அது பொருந்தும். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால உத்தரவு உரிமைப் பட்டா வழங்குவதற்கு நெடுங்காலம் தடையாக இருந்து, 2016இல் உச்ச நீதிமன்றத்தில்தான் நீங்கியது. அதன் பிறகும் வீட்டுக்கும் விளைக்குமான தனிநபர் உரிமையிலேயே அனைவரின் கவனமும் நிற்கிறது. கிழங்கோ காட்டில் இருக்கிறது, விளையில் இல்லை. அதற்கு, குடியிருப்பு முழுவதும் சேர்ந்து பெறும் சமூக உரிமைதான் வேண்டும். படிவம் பி, படிவம் சி இரண்டும் அதற்கானவை.

அந்தச் சட்டத்தின் விதிகளில் 13ஆம் விதியை எல்லோரும் படிக்க வேண்டும். சமூக உரிமைக்கு எவையெல்லாம் சான்று என்று வரிசைப்படுத்தும்போது, வேர்களும் கிழங்குகளும் காட்டுப் பழங்களும் சேகரித்துவந்த இடங்கள், மீன்பிடித் துறைகள், நீரெடுக்கும் இடங்கள், கோயில் மரங்கள், இடுகாடுகள் ஆகியவற்றை அது குறிப்பிடுகிறது. விண்ணப்பதாரர் அல்லாத மூத்தவர்கள் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலமும் சான்றாகும். தாளில் எழுதாத மக்களின் நினைவைச் சட்டம் தாளுக்கு நிகராக மதித்திருக்கிறது. அந்த மதிப்பைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டால் இழப்பு நம்முடையது.

நாங்கள் எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வேறு குடியிருப்புகளுக்கும் பயன்படும். ஒரு மூத்தவரை உட்காரவைத்துக் கேட்பதைவிட, இளையவர் ஒருவரும் சேர்ந்து அவரோடு நடப்பது மேல். இடத்தைக் கண்டதும்தான் பெயர்கள் வருகின்றன. ஒவ்வோர் இடத்துக்கும் அங்கே வழங்கும் பெயர், பக்கத்து ஓடை, கிடைக்கும் கிழங்கு, தோண்டும் மாதம், யார் யார் குடும்பம் போயிற்று என்பவற்றைச் சொன்னவரின் வாய்மொழியிலேயே எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, கையெழுத்தோ கைரேகையோ வாங்குகிறோம். ஆண்கள் தேனிடங்களையும் பெண்கள் கிழங்கிடங்களையும் நன்றாக அறிவார்கள் என்பதால் இருவரையும் தனித்தனியே கேட்க வேண்டும். பெண்களைக் கேட்காமல் வரைந்த வரைபடத்தில் பாதி உணவு காணாமல் போய்விடும். கிராம சபை அந்தக் குடியிருப்பு மட்டத்திலேயே கூட வேண்டும் என்று கேளுங்கள். கீழேயுள்ள பெரிய ஊராட்சியின் கூட்டத்தில் இவர்கள் குரல் எடுபடாது. உறுப்பினர்களில் பாதிப்பேர் வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. எனவே பால்வெட்டும் நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள்; காலையில் வெட்டி முடித்து அவர்கள் வீடு திரும்பிய பிறகு வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. எழுதிய பதிவேட்டின் ஒரு படி கிராம சபையிடம் இருக்க வேண்டும், மற்றொரு படி விண்ணப்பத்தோடு போக வேண்டும். உற்சாகத்தில் அந்த இடங்களின் பெயரையும் வரைபடத்தையும் யாரும் இணையத்தில் ஏற்றிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கிழங்கின் தலையைத் திரும்ப நடத் தெரியாதவர்கள் அங்கே போய்ச் சேர அது வழி செய்துவிடும். அதை யாருக்குக் காட்டலாம், யாருக்குக் கூடாது என்று அந்தக் கிராம சபைதான் தீர்மானிக்க வேண்டும்.